ஸ்டாண்டர்டு ஹெரால்டு

ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்பது 1961 முதல் சென்னையை அடுத்து உருவாக்கப்பட்ட, பிரித்தானிய வடிவமைப்புடைய ஒரு தானுந்து (கார்) ஆகும். இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு-டிரையம்ப் நிறுவனம் 1959இல் அறிமுகப்படுத்திய டிரையம்ப் ஹெரால்டு தானுந்தின் உரிமத்தைப் பெற்று, இந்திய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் இதனைத் தயாரித்தது. இதே சட்டகத்தைக் குறுக்கியே டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்னும் புகழ்பெற்ற இருவர் விளையாட்டுத் தானுந்து உருவாக்கப்பட்டது. ஸ்பிட்ஃபயர் இந்தியாவில் தயாரிக்கப்படவில்லை. ஆகையால், பழைய பிரித்தானிய விளையாட்டுத் தானுந்து ஒன்றை வாங்கி, பெருஞ்செலவின்றிச் சிறிதளவு புதுப்பித்து ஓட்ட விரும்பும் தமிழக ஆர்வலருக்கு எட்டக்கூடிய மிக நெருங்கிய உறவுவண்டியாக ஹெரால்டு விளங்குகிறது.

இக்கட்டுரை ஹெரால்டின் வரலாற்றைச் சுருக்கமாகவும், அதனை வாங்கும்போது ஆராய வேண்டியவற்றைச் சற்று விரிவாகவும் தருகிறது. தானுந்துப் புதுப்பித்தலுக்குத் தேவையான கைத்தொழில்கள் செறிந்துள்ள சேலம், நாமக்கல் பகுதி இதில் சிறப்பாகக் கவனத்தில் கொள்ளப்படுகிறது.

தோற்றம்

1953இல் பிரித்தானியாவின் ஃபிஷர் அண்டு லட்லோ என்னும் வண்டிக்கூடு செய்யும் நிறுவனத்தை, ஸ்டாண்டர்டின் போட்டியாளரான பி.எம்.சி. வாங்கிவிட்டது. ஸ்டாண்டர்டு நிறுவனத்துக்கு முழுக்கூட்டை ஒரே இடத்தில் செய்து தருவோர் இல்லாமற் போயினர். எனவே புதிய வண்டியின் கூட்டைப் பல துண்டுகளாகப் பிரித்து, வெவ்வேறு தொழிற்சாலைகளில் செய்வித்து, தனிச் சட்டகத்தின் (சேஸிஸ்) மீது மரையாணிகளால் பொருத்துவது என முடிவாயிற்று. அக்காலத்தில் பிற நிறுவனங்கள் சட்டகமும் கூடும் ஒன்றான அமைப்புக்கு மாறிக்கொண்டிருந்தன. அவ்வகையில் ஹெரால்டு ஒரு பின்னோக்கிய அடியாகவே கருதப்பட்டது. ஆயினும் நெருக்கடியால் எடுக்கப்பட்ட அந்த முடிவுதான் அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் இவ்வண்டியைக் கழற்றிப் பூட்டுவதை எளிதாக்கியுள்ளது என்பது குறிப்பிடத்தக்கது.

இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவான்னி மிக்கெலாட்டி இதன் தோற்றத்தை வடிவமைத்தார். முன்மூடி (பானெட்) இருபக்கத் தகடுகளோடும் சேர்ந்து முன்னோக்கி முழுவதுமாகத் திறந்துகொள்ளும். அவ்வாறு திறந்ததும் முன்சக்கரங்களின் மீதே அமர்ந்து உந்துப்பொறியில் வேலை செய்யலாம். ஏறத்தாழ 25 அடி (7.6 மீட்டர்) விட்டத்திற்குள் வண்டியைத் திருப்பிவிட முடியும். குறுகிய தெருக்களில் இது பெரிய வசதியாகும். நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனித் தாங்கலமைப்பு இருந்தது. பின்புறத்தில் குறுக்காக வைக்கப்பட்ட பட்டைவில்லும் ஊசலாடும் அச்சுத்தண்டுகளும் இருந்தன.

சென்னையில் உருவாக்கம்

இந்திய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1948இல் சென்னையில் தொடங்கப்பட்டது. அதன் தொழிற்சாலை நகருக்குத் தெற்கே வண்டலூர்ப் பகுதியில் அமைந்திருந்தது. 1950களில் வேன்கார்டு, ஸ்டாண்டர்டு எட்டு, ஸ்டாண்டர்டு பத்து ஆகியவை அங்கு பூட்டப்பட்டன. வெளிநாட்டு வண்டிகளின் இறக்குமதியை அரசு கட்டுப்படுத்தி, உள்நாட்டிலேயே உறுப்புகளைச் செய்யும் திட்டமுள்ள நிறுவனங்களை மட்டும் ஊக்குவித்த காலம் அது. அதன் விளைவாக 1960களில் இந்தியக் குடும்பமொன்று வாங்கக்கூடிய தானுந்துகள் அம்பாசடர், ஃபியட் 1100, ஸ்டாண்டர்டு ஹெரால்டு என மூன்றாகச் சுருங்கின. அவற்றுள் ஹெரால்டே சிறியது, இலேசானது.

இந்திய ஹெரால்டில் 948 கன செ.மீ. கொள்ளளவுடைய நான்கு உருளைப் பொறி பொருத்தப்பட்டது. இங்கிலாந்தில் இப்பொறி 1961இலேயே 1147 கன செ.மீ. ஆகவும், 1967இல் 1296 கன செ.மீ. ஆகவும் பெருக்கப்பட்டது. சென்னையிலோ பழைய 948 பொறியே கடைசிவரை நீடித்தது. மாறாக, இங்கிலாந்தில் இல்லாத ஒன்று இங்கு வந்தது. 1960களின் இறுதியில் வெளியான மூன்றாம் வகை (மார்க் III) நான்கு கதவுகளைக் கொண்டிருந்தது. குடும்பத்தார் பின்னிருக்கையில் ஏறி இறங்க இரண்டு கதவு வண்டி வசதிப்படாததே இதற்குக் காரணம் எனலாம். இந்த நான்கு கதவுக் கூடு இந்தியாவுக்கே உரியது.

1972இல் ஹெரால்டின் இடத்தை ஸ்டாண்டர்டு கெஸல் பெற்றது. முகப்பும் பின்புறமும் மாற்றப்பட்டன. பின்புற ஊசலச்சுக்கு மாற்றாக வழக்கமான திண்ணிய அச்சு பொருத்தப்பட்டது. பொறி அதே 948 கன செ.மீ. பொறிதான். 1977இல் கெஸல் உற்பத்தியும் நின்றது. பின்னர் ரோவர் எஸ்.டி.1 வண்டியின் கூட்டைக் கொண்டு 1985இல் வெளியிடப்பட்ட ஸ்டாண்டர்டு 2000 சில ஆண்டுகளே விற்பனையில் இருந்தது. நிறுவனம் தானுந்து உற்பத்தியை மீண்டும் தொடங்கவில்லை.

விளையாட்டுத் தானுந்துகளுடனான உறவு

ஹெரால்டின் சட்டகம் 91.5 அங்குல (2324 மி.மீ.) சக்கர இடைத்தொலைவு கொண்டது. இதனை 83 அங்குலமாகக் குறுக்கி, அதன் மீது மிக்கெலாட்டி வடிவமைத்த திறந்த கூட்டை ஏற்றியதே 1962இல் வெளியான ஸ்பிட்ஃபயர் ஆகும். 1980 வரை அது உற்பத்தியில் இருந்தது. ஆறு உருளைப் பொறியுடைய ஜி.டி.6 என்னும் மூடிய விளையாட்டு வண்டியும் (1966-1973) இதே குடும்பத்தைச் சேர்ந்தது. முன்சக்கரத் தாங்கலமைப்பு, வழிநடத்தும் பற்சட்டம், பின்பட்டைவில் போன்றவற்றில் இவ்வண்டிகள் பெரிதும் ஒத்திருக்கின்றன.

இந்த உறவு புத்தக ஆர்வத்துக்கு மட்டும் உரியதன்று. ஸ்பிட்ஃபயர் வண்டிகளை வைத்திருப்போர் பிரித்தானியாவில் இன்றும் மிகுதி. அவர்களுக்காகப் புதிதாகச் செய்யப்படும் உறுப்புகளுட் பல சென்னை ஹெரால்டுக்கும் பொருந்தும். 1940களிலும் 50களிலும் இந்தியாவுக்கு வந்த எம்.ஜி. போன்ற உண்மையான விளையாட்டு வண்டிகள் மிகச் சிலவே. அவை விற்பனைக்கு வருவதும் அரிது. வந்தாலும் சேகரிப்பாளர்களிடையே கைமாறிவிடுகின்றன.

சென்னைக்கு வடக்கேயுள்ள சோழவரம் பழைய வானூர்தித் திடலில் நடைபெற்ற ஓட்டப்பந்தயங்களில் திருத்தப்பட்ட ஹெரால்டுகள் கலந்துகொண்டதுண்டு. இலேசான எடையும் கூரிய வழிநடத்தலும் அதற்கு உதவின. அப்பந்தயங்கள் பின்னர் இருங்காட்டுக்கோட்டைக்கு இடம் மாறின.

சேலம், நாமக்கல் பகுதியின் கைத்தொழில்

1997 சனவரி 1 அன்று சேலம் மாவட்டத்திலிருந்து நாமக்கல் மாவட்டம் பிரிக்கப்பட்டது. எனினும் வண்டித் தொழிலைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே நிலப்பரப்பாகவே இயங்குகின்றன. நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகள் வரிசையாக உள்ளன. சங்ககிரி லாரி உரிமையாளர்களின் ஊர். திருச்செங்கோட்டின் ஆழ்துளைக் கிணற்று வண்டிகள் (ரிக்) வட மாநிலங்கள் வரை செல்கின்றன. சேலத்தில் லேத் பட்டறை, ரேடியேட்டர் பட்டறை, பட்டைவில் அடிக்கும் உலைக்களம், இருக்கை தைப்போர் என எல்லாம் கிடைக்கும்.

பழைய தானுந்தைப் புதுப்பிப்பவருக்கு இது பெரும் வாய்ப்பு. ஹெரால்டின் பட்டைவில் தளர்ந்திருந்தால் அதனைக் கழற்றி மீண்டும் வளைத்துப் பதமேற்ற ஆள் உண்டு. தேய்ந்த புஷ்களைக் கடைசலில் செய்து தர ஆள் உண்டு. கிடைக்காத ரப்பர்ப் பட்டைக்கு ஒத்த அளவில் வேறொன்றைத் தேடித் தரவும் ஆள் உண்டு.

ஆனால் லாரிப் பட்டறைக்கும் தானுந்துப் பட்டறைக்கும் உள்ள வேறுபாட்டை மறந்துவிடக் கூடாது. லாரிக்கூட்டின் தகடும் கோணச்சட்டங்களும் தடித்தவை. ஹெரால்டின் கதவுத் தகடு ஒரு மில்லிமீட்டரைச் சுற்றிய மெல்லிய தகடு. லாரிக்குப் பழகிய கையால் மின்பற்றவைப்புச் செய்தால் அத்தகடு ஓட்டையாகும், அல்லது வெப்பத்தால் நெளியும். நெளிந்ததை மறைக்கப் பட்டியை அப்புவார்கள். இரண்டு கோடைக்குப் பின் பட்டி வெடித்து உதிரும். வாயுச் சுடரால் சிறுசிறு புள்ளிகளாகப் பற்றவைத்து, சுத்தியலும் தாங்குக்கட்டையும் கொண்டு தட்டிச் சமன்செய்யும் பழைய டிங்கரிங் கைவேலையே இதற்கு ஏற்றது. அம்பாசடரிலும் ஃபியட்டிலும் தொழில் கற்ற முதிய டிங்கர்கள் இன்னும் சிலர் உள்ளனர். இன்றைய தானுந்துகளில் நசுங்கிய தகட்டைத் தட்டுவதில்லை, மாற்றிவிடுகின்றனர். ஆதலால் அக்கைவேலையைக் கற்கும் இளைஞர் குறைந்து வருகின்றனர். வண்டியை வாங்குமுன் டிங்கரைக் கண்டுபிடித்துவிடுவது நல்லது. வண்டி காத்திருக்கும்.

வாங்கும்போது ஆராய வேண்டியவை

பொதுவான விதி ஒன்றுண்டு. உறுப்புகள் குறையாத, ஓடாத வண்டி, உறுப்புகள் குறைந்த, ஓடும் வண்டியைவிட மேலானது. சென்னையில் உருவான நான்கு கதவு ஹெரால்டுக்கும் கெஸலுக்கும் இது இரட்டிப்பாகப் பொருந்தும். பொறி, தாங்கலமைப்பு ஆகியவற்றின் உறுப்புகளைப் பிரித்தானியாவிலிருந்து வரவழைக்கலாம். அங்கு இல்லாத நான்கு கதவுக் கூட்டின் கதவு, கண்ணாடி, வார்ப்பட்டை, கெஸலின் முகப்புச் சல்லடை, அதன் பின்னச்சு ஆகியவற்றை எந்த நாட்டிலிருந்தும் வரவழைக்க இயலாது. சென்னை புதுப்பேட்டையிலோ ஊர்ப்புறப் பழைய இரும்புக் கடைகளிலோ கிடைத்தால்தான் உண்டு. எனவே பளபளக்கும் வண்ணத்தைப் பார்க்குமுன் கதவுக் கைப்பிடி, விளக்கு வளையம், கடிகைப் பலகை, சின்னங்கள் ஆகியவை இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

சட்டகம். ஹெரால்டின் சட்டகம் நடுவில் இரு தண்டுகளும், அவற்றிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைச்சட்டங்களும் கொண்டது. துரு முதலில் பிடிப்பது இக்கைச்சட்டங்களின் முனைகளிலும், பின்புறப் பெட்டியின் அடியிலும் ஆகும். சேலம், நாமக்கல் சமவெளி கடற்காற்றுப் படாத வறண்ட நிலம். இங்கேயே வாழ்ந்த வண்டியின் சட்டகம் சென்னையில் வாழ்ந்ததைவிட நல்ல நிலையில் இருக்க வாய்ப்பு மிகுதி. ஆனால் வண்டி முதலில் எங்கு ஓடியது என்பதைப் பதிவு எண்ணைக் கொண்டு அறிய முயல வேண்டும். பழைய சென்னை மாநிலப் பதிவுகள் எம்.எஸ்., எம்.டி. என்னும் எழுத்துகளில் தொடங்கின. டி.என். என்பதுடன் வட்டார எண் சேர்ந்த முறை 1989க்குப் பின் வந்தது. சுத்தியலால் மெல்லத் தட்டிப் பார்த்தால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். துருவேறியது மத்தென்று ஒலிக்கும்.

ஹெரால்டின் கதவுக்குக் கீழுள்ள பக்கத்தகடுகள் மரையாணியால் பூட்டப்பட்டவை, எடை தாங்காதவை. அவை துருப்பிடித்திருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. ஸ்பிட்ஃபயரில் நிலைமை வேறு. அதில் அப்பகுதி வண்டியின் வலுவுக்கே இன்றியமையாதது. ஆங்கில நூல்களைப் படித்துவிட்டு வண்டி பார்க்கச் செல்வோர் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதுண்டு.

இப்பகுதிக்கே உரிய ஒரு தொல்லையும் உண்டு. ஓடாத வண்டிகளைக் கோழிப்பண்ணையின் ஒழிந்த கொட்டகைகளில் நிறுத்திவைப்பது நாமக்கல் பக்கம் இயல்பு. எச்சத்திலிருந்து எழும் அம்மோனியா செம்பையும் பித்தளையையும் அரிக்கும் தன்மையது. அவ்வாறு நெடுங்காலம் நின்ற வண்டியில் ரேடியேட்டர், கார்புரேட்டரின் பித்தளைத் துளைகள், மின்கம்பி முனைகள் ஆகியவற்றைத் தனியே ஆராய வேண்டும். எலி கடித்த கம்பிகளைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

ட்ரன்னியன். ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் வாங்குவோர் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் கீழ்முனையில் மரை வெட்டப்பட்டுள்ளது. அது ட்ரன்னியன் எனப்படும் வெண்கலத் துண்டினுள் திருகப்பட்டுள்ளது. வண்டியைத் திருப்பும்போதெல்லாம் அம்மரை சற்றே சுழலும். இதற்குக் கியர்ப்பெட்டிக்கு ஊற்றும் தடித்த எண்ணெயையே (ஈ.பி. 90) இட வேண்டும். நம் பட்டறைகளில் இதைப் பார்த்ததும் கிரீசுத் துப்பாக்கியை வைத்து அழுத்துவது வழக்கமாகிவிட்டது. கிரீசு மரையின் கீழ்ப்பகுதிக்கு ஒழுங்காகச் செல்லாது. நாளடைவில் இறுகிப்போகும். நீர் தங்கி எஃகுத் தண்டு துருப்பிடிக்கும். ஒருநாள் திரும்பும்போது தண்டு முறிந்து சக்கரம் வெளிப்பக்கமாக மடிந்துவிடும். பெரும்பாலும் மெதுவாகத் திருப்பும்போதே இவ்வாறு நிகழும் என்பது ஓர் ஆறுதல். நெடுஞ்சாலையில் நிகழ்ந்தால் உயிருக்கு ஆபத்து.

வாங்கும் வண்டி எதுவாயினும், அதன் முன்னோர் எதைப் பூசினர் என்று கேட்டுக்கொண்டிராமல், இருபுறத் தண்டுகளையும் ட்ரன்னியன்களையும் கழற்றிப் பார்ப்பதே முறை. இடப்புறமும் வலப்புறமும் மரையின் திசை வேறு. மாற்றிப் பூட்டக் கூடாது. புதிய தண்டுகள் வரவழைக்கத்தக்கவை. உள்ளூரில் கடைந்து கொள்வதைத் தவிர்க்க வேண்டிய மிகச் சில உறுப்புகளுள் இது ஒன்று. கடைசல் வேலை எவ்வளவு நேர்த்தியாயினும், உருக்கின் தரமும் அடித்து வார்த்த இழைப்போக்கும் கடைசலில் வந்துவிடாது.

உந்துப்பொறி. 948 பொறி எளிமையானது, பொறுமையானது. வார்ப்பிரும்புத் தொகுதி, வார்ப்பிரும்புத் தலை, மேலடைப்பு முறை. இதன் நன்கறியப்பட்ட குறை சுழல்தண்டின் (கிராங்க்) த்ரஸ்ட் வாஷர்கள். அரைவட்டமான இரு வாஷர்கள் சுழல்தண்டு முன்பின் அசையாமல் தடுக்கின்றன. கிளட்ச்சை மிதிக்குந்தோறும் சுமை இவற்றின் மேல் விழும். தேய்ந்தால் நழுவி எண்ணெய்த் தொட்டியில் விழுந்துவிடும். அதன்பின் சுழல்தண்டு பொறித்தொகுதியையே அரைக்கத் தொடங்கும். அந்நிலையில் தொகுதி பயனற்றுப் போகலாம்.

சோதிப்பது எளிது. பொறியை நிறுத்திவிட்டு, ஒருவர் கிளட்ச்சை மிதித்து விட, மற்றொருவர் முன்பக்கக் கப்பியைக் கவனிக்க வேண்டும். கப்பி முன்பின் அசைவது கண்ணுக்குத் தெரிந்தால் ஐயப்பட வேண்டும். ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒன்றிரண்டு பங்கு அசைவே முறையானது. அம்பாசடரில் கைதேர்ந்த மெக்கானிக்குகூட இதனை அறியாதிருக்கக் கூடும். கியர்ப்பெட்டியில் முதற்பற்சக்கரத்திற்கு ஒத்தியக்கம் கிடையாது. ஆகவே ஓடும் வண்டியில் முதல் கியரைத் திணிக்கும்போது எழும் உறுமல் பழுதன்று.

வேறு வண்டியின் பொறி மாட்டப்பட்டிருந்தால், அதன் எண் பதிவுச் சான்றிதழில் ஏற்றப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் ஏற்றப்பட்டிருக்காது.

மின்னமைப்பு. இவ்வகை பிரித்தானிய வண்டிகளின் லூகாஸ் மின்னமைப்பைப் பற்றி ஆங்கிலேயர் கூறும் கேலிகள் பல. உண்மையில் பழுதுகளிற் பெரும்பகுதி துருவேறிய நிலத்தொடுப்பினாலும், பின்னால் வந்தவர்கள் முறுக்கிவிட்ட கம்பிகளாலும் ஏற்படுபவை. சென்னை பாடியிலுள்ள லூகாஸ்-டிவிஎஸ் ஆலையின் காரணமாக இவ்வகை உறுப்புகளைப் பழுதுபார்க்கத் தெரிந்தோர் தமிழ்நாட்டில் எங்கும் உள்ளனர். முழுக் கம்பிக்கட்டையும் புதிதாக இழுப்பது சில நாள் வேலை. வண்டியில் அக்காலப் பிரித்தானிய வழக்கப்படி நேர்முனை நிலத்தொடுப்பு இருந்தால், மின்கலத்தை மாட்டுமுன் அதை உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

ஆவணங்களும் சட்டமும்

புதுப்பித்தலில் தகடும் பொறியும் தீராத சிக்கல்கள் அல்ல. பதிவுச் சான்றிதழ் (ஆர்.சி.) இல்லாமைதான் தீராத சிக்கல். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி சொந்தப் பயன்பாட்டு வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 1980களிலேயே ஓட்டத்தை நிறுத்திய வண்டிக்கு இப்புதுப்பித்தல் பலமுறை விட்டுப்போயிருக்கும். நிலுவை வரி, அபராதம், பசுமை வரி ஆகியவற்றை வாங்குமுன்பே கணக்கிட வேண்டும். 15 ஆண்டு கடந்த தானுந்தின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய் ஆக்கப்பட்டது. 20 ஆண்டு கடந்தவற்றுக்கு 2025 ஆகத்தில் அது 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

இரண்டாவது சிக்கல் பெயர் மாற்றம். விற்பவர் படிவம் 29இலும், இருவரும் படிவம் 30இலும் ஒப்பமிட வேண்டும். பழைய ஹெரால்டுகள் பல, இறந்துபோன தாத்தாவின் பெயரிலேயே நிற்கின்றன. அவ்வாறாயின் முதலில் வாரிசின் பெயருக்குப் படிவம் 31 வழியாக மாற்றி, அதன்பின் விற்பதே முறையாகும். வாரிசுகள் நால்வர், ஒருவர் வெளிநாட்டில் என்றால் இதுவே ஓராண்டு வேலை. "பேப்பரெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்னும் உறுதிமொழியின் பேரில் முழுத்தொகையையும் கொடுத்துவிட்டவர்கள், வண்ணம் அடித்து முடித்த வண்டியைச் சாலையில் இறக்க இயலாமல் கொட்டகையிலேயே வைத்திருக்கின்றனர். பழைய பதிவேடுகள் கையால் எழுதப்பட்டவை. கணினியில் ஏற்றப்படாதிருந்தால் மூல அலுவலகத்துக்கே சென்று ஏற்றச் செய்ய வேண்டும். சட்டக எண்ணைப் பென்சிலால் தேய்த்துப் படியெடுத்து, சான்றிதழிலுள்ள எண்ணோடு ஒப்பிட்ட பின்பே முன்பணம் கொடுக்க வேண்டும்.

2021 சூலையில் நடுவண் அரசு தொன்மை வாகனங்களுக்குத் தனி விதிகளை வெளியிட்டது. முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, மூல வடிவில் பேணப்படும், சட்டகம், கூடு, பொறி ஆகியவற்றில் பெருமாற்றம் செய்யப்படாத இருசக்கர, நான்குசக்கர வண்டிகள் இதன்கீழ் வரும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம். அது பத்தாண்டு செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். புதிதாகப் பதியப்படும் எண்ணில் மாநில எழுத்துகளை அடுத்து 'வி.ஏ.' என்னும் எழுத்துகள் இடம்பெறும். முன்பே பதிவு பெற்றவை தம் பழைய எண்ணை வைத்துக்கொள்ளலாம். ஆனால் இவ்வாறு பதிந்த வண்டியைக் கண்காட்சி, தொன்மை வண்டிப் பேரணி, ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே சாலையில் ஓட்டலாம். நாள்தோறும் ஓட்ட இயலாது. ஞாயிறுதோறும் ஏற்காட்டுக்குச் சென்றுவர விரும்புவோருக்குப் பழைய முறைப் பதிவே பொருந்தும்.

கூரை அறுத்தல்

இங்கிலாந்தில் ஹெரால்டின் திறந்த வகை 1960 முதல் விற்கப்பட்டது. இந்தியாவில் பல உரிமையாளர்கள் மூடிய ஹெரால்டின் கூரையை நீக்கித் திறந்த வண்டியாக்கினர். திருமண ஊர்வலங்களுக்கும் திரைப்படப் பிடிப்புகளுக்கும் அவை வாடகைக்குப் போயின. நாமக்கல் பட்டறைகளில் கூரை அறுப்பது அரை நாள் வேலைதான். விளையாட்டு வண்டி வேண்டும் என்னும் ஆசைக்கு இது குறுக்கு வழியாகத் தோன்றும்.

மூல இரண்டு கதவு வடிவமைப்பில் கூரை மரையாணியால் பூட்டப்பட்ட தனித்துண்டு. அறுக்காமலே கழற்றலாம், மீண்டும் பூட்டலாம். இதை அறியாமல் அறுக்கப்பட்ட வண்டிகள் உண்டு. நான்கு கதவு வண்டியில் நடுத்தூணையும் கூரையையும் நீக்கினால் கதவுகள் ஒழுங்காக மூடாமற் போகும், கூடு முறுக்கிக்கொள்ளும். சட்டநிலை இன்னும் கடினமானது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தயாரிப்பாளரின் மூல விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. கூரை அறுத்த வண்டி தொன்மை வாகன விதிகளின் 'மூல வடிவம்' என்னும் தகுதியையும் இழக்கும் நிலை உள்ளது. அறுக்கப்பட்டதை விலை மலிவு என்று வாங்குவோர், மீண்டும் கூரை செய்வதற்கான செலவையும் விலையோடு கூட்டிப் பார்க்க வேண்டும். எஞ்சியுள்ள முழு ஹெரால்டுகள் குறைந்துகொண்டே வருவதால், ஒவ்வொரு அறுப்பும் திரும்பப் பெற இயலாத இழப்பாகும்.

எரிபொருள்

2000 பிப்ரவரியுடன் இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனை நின்றது. ஈயம் வார்ப்பிரும்புத் தலையின் அடைப்பு இருக்கைகளைக் காத்து வந்தது. அது இன்றி நெடுந்தொலைவு விரைந்தோடினால் இருக்கைகள் மெல்லத் தேய்ந்து, அடைப்பு இடைவெளி குறைந்துகொண்டே வரும். தலையைக் கழற்ற நேரும்போது கடினப்படுத்திய இருக்கை வளையங்களைப் பதிப்பது நிலையான தீர்வு. சேலத்துப் பொறிப் பட்டறைகளில் இது நாள்தோறும் நடக்கும் வேலை. அதுவரை இடைவெளியை அடிக்கடி அளந்து வந்தால் போதும்.

2025 முதல் நாடெங்கும் பரவலாக விற்கப்படும், 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் இன்னொரு கவலை. எத்தனால் பழைய இயற்கை ரப்பர்க் குழாய்களையும் கார்புரேட்டர் அடைப்பான்களையும் இளக்கும், ஈரத்தை ஈர்த்துத் தொட்டியில் துருவை வளர்க்கும். பெட்ரோல் கசிவு என்றால் தீ. ஆகையால் வண்டியை எடுத்து வந்ததும் எத்தனால் தாங்கும் குழாய்களையும் பெட்ரோல் பம்பின் சவ்வையும் மாற்றுவது முதல் வேலையாக இருக்க வேண்டும். மாதக்கணக்கில் நிறுத்தும்போது தொட்டியைக் காலிசெய்துவிடுதல் நன்று.

மலைப்பாதைகளில்

சமவெளிச் சாலைகளில் ஹெரால்டு மணிக்கு 60, 70 கி.மீ. வேகத்தில் இனிமையாகச் செல்லும். நான்கு வழிச் சாலையின் விரைவு இதற்கு உரியதன்று. இவ்வண்டியின் அருமை தெரிவது மலையேற்றத்தில்தான். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டையூசி வளைவுகளும், நாமக்கல் பக்கமிருந்து கொல்லிமலைக்கு 70 வளைவுகளும் உள்ளன. வண்டியின் சிறிய திருப்பு வட்டம் அங்கு கைகொடுக்கும்.

இறங்கும்போது எச்சரிக்கை தேவை. ஊசலச்சு வண்டியில், வளைவின் நடுவே திடீரென முடுக்கியை விட்டாலோ தடையை மிதித்தாலோ பின்புறம் மேலெழும்பும். வெளிப்புறப் பின்சக்கரம் வண்டிக்கடியில் மடிந்து பிடிப்பை இழக்கக்கூடும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவினுள் சீராகச் செல்வதே இதற்குரிய ஓட்டுமுறை. கெஸலுக்கு இத்தொல்லை இல்லை. இந்திய ஹெரால்டில் நான்கும் முரசுத் தடைகளே. தொடர்ந்து மிதித்தால் சூடேறிப் பிடிப்பு மங்கும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று லாரி ஓட்டுநர்கள் சொல்லும் விதி இதற்கும் பொருந்தும். புதுப்பித்த வண்டியை முதன்முறை கொல்லிமலைக்குக் கொண்டுபோகுமுன், தடை உருளைகளின் ரப்பர்களை மாற்றி, பழைய தடை எண்ணெயை முழுவதும் வடித்துப் புதிதாக நிரப்பியிருக்க வேண்டும். நீர் கலந்த பழைய எண்ணெய் இறக்கத்தின் பாதியிலேயே கொதித்து, மிதி தரைவரை சென்றுவிடும்.